களம் திருத்தப்படும்

கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், நான்கு பொருள்கள் இருந்தன. அவையாவன: மலை, ஓடை, நாய், உழவன். அவற்றுள் மலை இன்றும் இருக்கிறது. நாயும் ஓடையும் இல்லை. உழவனைப் பற்றி இன்னும் முடிவு செய்யப்படவில்லை.

அம்முடிவு எவ்வாறு தள்ளிப்போயிற்று என்பதை முறையாக எடுத்துரைப்பதே இக்கதையின் நோக்கமாகும்.

உழவனின் பெயர் மொக்கைச்சாமி, அகவை ஐம்பத்தெட்டு. அவர் ஒன்றரை ஏக்கர் பரப்பில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். இருமுறை ஆழ்துளைக் கிணறு போட்டு, இருமுறையும் புழுதியே கண்டவர் ஆதலின், பந்தல் முழுவதும் ஈச்ச ஓடை ஒன்றையே நம்பி நின்றது. ஓடை மலையிலிருந்து இறங்கி, ஊர் கூடும் வெளியாகிய மந்தையை ஒட்டி ஓடி, பந்தலுக்கு வந்து சேர்ந்தது. எக்கோடையிலும் அது வற்றியதில்லை. நாயின் பெயர் செவலை. அது கோம்பை இனத்தைச் சேர்ந்தது. அயலார் நிழல் பந்தலில் விழுந்தால் அந்நிழலையும் கடிக்க முயலும் இயல்பினது.

மொக்கைச்சாமியிடம் ஒரு தனித்திறன் இருந்தது. அது உம் கொட்டுதல். அவ்வூரில் ஒருவர் கதை சொன்னால், கேட்போருள் ஒருவர் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ‘உம்’ என்று ஒலியெழுப்ப வேண்டும். அவ்வொலி நின்றால் சொல்பவரும் நிறுத்திவிடுவார். நடுவில் நிற்கும் கதை, சொன்னவருக்குச் செய்யப்பட்ட அவமதிப்பாகக் கருதப்படும். கதையில் பிழை இருப்பினும் அதனைக் கதை முடிந்த பின்னரே சுட்டிக்காட்ட வேண்டும். இடையில் மறித்தல் முறையன்று. மொக்கைச்சாமியின் உம் முந்தியும் வராது, பிந்தியும் வராது. துக்க வீடுகளில் கதை சொல்வோர் அவரை ஆள் அனுப்பி வரவழைத்து அருகில் அமர்த்திக்கொள்வர்.

இந்நிலையில் சித்திரை மாத இறுதியில் ஊருக்குள் ஒரு துண்டறிக்கை வந்தது. “பள்ளத்தாக்கு மரபுரைக் கழகம் வழங்கும் கோடைக்காலத் தீமூட்டச் சொற்பொழிவுகள். இயற்கை, வரலாறு, பண்பாடு. சனிக்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்கு ஓடைக்கரை மந்தையில். அனுமதி இலவசம். சுண்டலும் சுக்குக் காப்பியும் வழங்கப்படும்” என்பது அதன் முன்பக்கம். பின்பக்கத்தில் ஒன்பது விதிகள் எறும்புச் சாரை போன்ற சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. இலவசம் என்ற சொல்லை ஊரார் இருமுறை படித்தனர். விதிகளை ஒருவரும் ஒருமுறையும் படிக்கவில்லை.

மொக்கைச்சாமியின் மனைவி ராக்கம்மாள் அறிக்கையைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“ஓசியில குடுக்குறாகன்னா ஒண்ணு தேர்தலு வருது, இல்ல கெடுதி வருது. தேர்தலுதான் முடிஞ்சு போச்சே” என்றாள்.

“நம்மூரப் பத்திப் பேசப் போறாகளாம்த்தா. தேனியில இருந்து எம்புட்டுத் தூரம் வாராக.”

“நம்மூரப் பத்தி நமக்குச் சொல்ல அம்புட்டுத் தூரத்துல இருந்து எதுக்கு வரணும்?”

மொக்கைச்சாமி அறிக்கையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதற் சனிக்கிழமை மாலை வெப்பநிலை முப்பத்தெட்டுப் பாகையாக இருந்தது. அவ்வெப்பத்தில் மந்தையின் நடுவே விறகு அடுக்கிப் பெருந்தீ மூட்டப்பட்டது. கழகச் செயலாளர் முனைவர் சுரேஷ்கண்ணன் ஒலிபெருக்கியின் முன் நின்று அதன் காரணத்தை விளக்கினார். “குளிர் நாடுகளில் மக்கள் தீயைச் சுற்றி அமர்ந்து தம் மரபை அறிந்துகொள்கின்றனர். நமக்குக் குளிர் இல்லை என்பதற்காக நாம் மரபை இழந்துவிடலாகாது.”

ஊரார் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தனர். மொக்கைச்சாமியால் மட்டும் நகர இயலவில்லை. அவர் உம் கொட்டுவதில் வல்லவர் என்பதைக் கேள்விப்பட்ட செயலாளர், அவரைத் தீக்கு அண்மையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, ‘உள்ளூர்ச் சான்றாளர்’ என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திவிட்டிருந்தார். செவலை அவர் காலடியில் படுத்திருந்தது.

செயலாளரின் உதவியாளர் ஜெஸ்லின், தேனிக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். கழகத்தில் ஓராண்டு ஒப்பந்தப் பணியில் இருந்தவள். அவள் கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவியும் கையில் பதிவேடும் இருந்தன. சுண்டலுக்காக அவள் தலைகளை எண்ணி முடித்ததும் உரை தொடங்கிற்று.

“அன்பார்ந்தோரே! கோம்பை என்னும் வேட்டை நாய் இம்மண்ணின் பெருமை” என்றார் செயலாளர்.

“உம்” என்றார் மொக்கைச்சாமி. தம் ஊர் நாயை ஒலிபெருக்கியில் ஒருவர் புகழக் கேட்பது அவருக்கு அதுவே முதன்முறை.

“வீரத்தில் அதற்கு நிகர் வேறில்லை.”

“உம்.”

“அத்தகைய நாய் இவ்வூரில் அடியோடு அழிந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.”

“உம்.”

செவலை பின்னங்காலால் காதைச் சொறிந்தது. மண் அள்ளும் இயந்திரம் ஓட்டும் விஜய்பாண்டி கூட்டத்தின் பின்னாலிருந்து, “அப்ப அங்கன படுத்திருக்கது என்னய்யா, கன்னுக்குட்டியா?” என்று குரல் கொடுத்தான். ஊர் சிரித்தது.

சிரிப்பு அடங்கும்வரை செயலாளர் பொறுமையாக நின்றார். பிறகு ஜெஸ்லினிடம், “எழுது. அவையினர் மகிழ்ந்தனர்” என்றார்.

உரையின் இறுதியில் ஒரு சடங்கு நிகழ்ந்தது. அவ்விடத்து நீரால், அவ்விடத்து மனிதர் ஒருவர் தீயை அணைக்க வேண்டும் என்பது கழகத்தின் மரபு என்றும், அம்மரபு சென்ற மாதம்தான் உருவாக்கப்பட்டது என்றும் செயலாளர் பெருமிதத்துடன் கூறினார். மொக்கைச்சாமி ஓடையில் ஒரு குடம் மொண்டு வந்து ஊற்றினார். தீ சீறி அணைந்தது. செயலாளர் பதிவேட்டில் கையொப்பமிட்டார். சுண்டல் வந்தது.

வீடு திரும்பும் வழியில் ராக்கம்மாள் கேட்டாள். “காலடியில கெடக்குற நாயச் செத்துப் போச்சுன்றான். நீங்களும் உம்முன்றீக?”

“விருந்தாளா வந்து பேசுறாக. பாதியில மறிக்கலாமா? முடியட்டும், சொல்லுவோம்னு இருந்தேன்.”

“முடிஞ்சதுல்ல?”

“முடிஞ்சதும் சுண்டலக் குடுத்துட்டாக.”

திங்கட்கிழமை கழகத்தின் வண்டி வந்தது. செவலை வழக்கமாகப் படுக்கும் இடத்தில், மஞ்சள் வண்ணம் பூசிய மரமுளை ஒன்றை அடித்துச் சென்றனர். அதில் ‘முரண் 1’ என்று எழுதியிருந்தது. புதன்கிழமை அதே வண்டி மீண்டும் வந்தது. இறைச்சித் துண்டுடன் வலையும் வந்தது. மொக்கைச்சாமியிடம் ஒரு தாள் கொடுக்கப்பட்டது: “பதிவு: இல்லை. களம்: இருக்கிறது. நடவடிக்கை: களம் திருத்தப்பட்டது.”

“எங்க கூட்டிட்டுப் போனாக?” என்று ராக்கம்மாள் கேட்டாள்.

“காப்பகம்னாக. மரியாதையாத்தான் பேசுனாக. வாங்க போங்கன்னாக.”

“ஒங்களையா, நாயையா?”

வெள்ளிக்கிழமை தபாலில் ஒரு புகைப்படம் வந்தது. செவலை நேரே பார்த்துக்கொண்டிருந்தது. படத்தின் கீழே ‘மறைவு: கி.பி. 1890’ என்று அச்சிடப்பட்டிருந்தது. ராக்கம்மாள் அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் திருப்பி வைத்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை, நாயைத் திரும்பக் கேட்பது என்ற முடிவுடன் மொக்கைச்சாமி மந்தைக்குச் சென்றார். உரை தொடங்குவதற்கு முன் கேட்க முயன்றார். “உரைக்குப் பிறகு பேசுவோம்” என்று செயலாளர் அன்புடன் அவரை நாற்காலியில் அமர்த்தினார். உரைக்குப் பிறகு என்பது மொக்கைச்சாமிக்கும் நியாயமாகவே பட்டது.

“அன்பார்ந்தோரே! இவ்விடத்தில் முற்காலத்தில் ஈச்ச ஓடை என்றோர் ஓடை இருந்தது.”

மொக்கைச்சாமி உதடுகளை இறுக மூடிக்கொண்டார். ஓடை இருபது அடித் தொலைவில் கல்லில் மோதி ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஓசை ஒலிபெருக்கியில் புகுந்தமையால், செயலாளர் ஜெஸ்லினைப் பார்த்து, “அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைம்மா” என்றார். அவள் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

“அவ்வோடை வற்றி நூறாண்டுகள் ஆகின்றன” என்று கூறிவிட்டுச் செயலாளர் நிறுத்தினார்.

உம் வரவில்லை. செயலாளர் காத்திருந்தார். தீ வெடித்தது. ஊர் முழுவதும் மொக்கைச்சாமியின் முதுகைப் பார்த்தது. ஒரு கதை தம்மால் நடுவழியில் நிற்கிறது என்ற வெட்கம் அவருடைய பிடரியில் ஏறிற்று. நாற்பது ஆண்டுப் பழக்கம் வலிமை மிக்கது. வாய் மூடியிருந்தது, மூக்கின் வழியே ஒலி வந்துவிட்டது.

“உம்.”

“நன்று” என்றார் செயலாளர்.

கூட்டத்தின் முடிவில், நூறாண்டுகளுக்கு முன் வற்றிய ஓடையிலிருந்து மொக்கைச்சாமி ஒரு குடம் நீர் கொண்டுவந்து தீயை அணைத்தார். அதில் அங்கிருந்த எவரும் வியப்புறவில்லை. நாயைப் பற்றி அவர் வாய் திறப்பதற்குள் கழகத்தின் வண்டி புறப்பட்டுவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை மலைச்சரிவில் இயந்திர ஓசை கேட்டது. மொக்கைச்சாமி ஓடினார். ஓடை இறங்கும் வாயில் ‘முரண் 2’ என்ற மஞ்சள் முளை நின்றது. விஜய்பாண்டி பாறைகளைப் பெயர்த்து வாயை அடைத்து, நீரை மறுபுறப் பள்ளத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“ஏலே விஜய்பாண்டி! என்னலே பண்ற?”

“ஓடை இல்லாத எடத்தச் சமமாக்குறேண்ணே.”

“இல்லாத எடமா? ஒன் வண்டிச் சக்கரம் நனைஞ்சிருக்கு பாருலே!”

“நனைஞ்சுதான் இருக்கு. ஆனா பேப்பருல இல்லேன்னு போட்ருக்கே. நான் பேப்பருக்கு வேலை பாக்குறேண்ணே, தண்ணிக்கா பாக்குறேன்?” அவன் இயந்திரத்தை நிறுத்தாமலே குனிந்து பேசினான். “அதுவும் போக, உம்முன்னு ஒத்துக்கிட்டது நீங்கதானாம்ல. நீங்க ஒத்துக்கிட்டு எங்கிட்ட வந்து ஏலேன்னா நான் என்னண்ணே செய்ய?”

நண்பகலுக்குள் ஓடை நின்றது. மந்தையை ஒட்டி ஈரமான கற்கள் மட்டும் கிடந்தன. மாலைக்குள் அவையும் காய்ந்தன.

திராட்சை அறுவடைக்கு இன்னும் நாற்பது நாள்கள் இருந்தன. காய் நீரேறிப் பருக்கும் பருவம் அது. அப்பருவத்தில் மூன்று நாள் நீர் இல்லையேல் காய் சுருங்கும். நான்கு நாள் இல்லையேல் கொடியே காய்ந்து சாகும். ஆகவே மொக்கைச்சாமி புதன்கிழமை முதற்பேருந்திலேயே உத்தமபாளையம் சென்றார்.

கழகத்தின் கிளை அலுவலகம் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. சுவரெங்கும் படங்கள் தொங்கின. பறவைகள், மரங்கள், ஒரு மாட்டுச்சந்தை, ஒரு தேநீர்க்கடை, அக்கடையின் முன் நின்ற ஆறு பேர். எல்லாவற்றின் கீழும் மறைந்த ஆண்டு குறிக்கப்பட்டிருந்தது. அத்தேநீர்க்கடையில் தாம் சென்ற பொங்கலுக்குத் தேநீர் அருந்தியது மொக்கைச்சாமிக்கு நினைவுக்கு வந்தது. அண்மையில் அவ்வழியே பேருந்தில் கடந்தபோது கடை கண்ணில் படாததும் நினைவுக்கு வந்தது.

“ஐயா, ஓடைய விடச் சொல்லுங்கய்யா. கொடி வாடுது. நாப்பது நாளு போனா வெட்டிருவேன். அதுக்குப் பெறகு என்ன வேணா எழுதிக்கங்க.”

செயலாளர் கோபம் கொள்ளவில்லை. அவர் ஒருபோதும் கோபம் கொண்டதில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அவர் ஜெஸ்லினுக்குச் சைகை காட்டினார். அவள் கருவியை இயக்கினாள். ‘அவ்வோடை வற்றி நூறாண்டுகள் ஆகின்றன.’ நீண்ட அமைதி. ‘உம்.’ பின்னணியில் ஓடை சலசலத்தது.

“இது உங்க குரல்தானே?”

“ஆமாய்யா. ஆனா பின்னால தண்ணிச் சத்தம் கேக்குதுல்லய்யா?”

“நாங்கள் குரலை மட்டுமே பதிவு செய்கிறோம்” என்றார் செயலாளர். பிறகு நாற்காலியில் சாய்ந்து, மேடையில் பேசுவது போலப் பேசலானார். “நீங்கள் எங்களைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். நாங்கள் எதையும் அழிப்பதில்லை. பாதுகாக்கிறோம். உயிரோடு இருக்கும் பொருள் நாளுக்கு நாள் மாறுகிறது. இன்று இவ்வளவு நீர், நாளை அவ்வளவு நீர். அதை எப்படிப் பதிவு செய்வது? ஒரு பொருள் மறைந்த பிறகுதான் அதைப் பற்றிப் பிழையின்றிப் பேச முடிகிறது. எங்களுடைய பதிவுகளில் இதுவரை ஒரு பிழையும் இல்லை. ஏன் தெரியுமா? பதிவும் களமும் முரண்பட்டால் நாங்கள் பதிவைத் திருத்துவதில்லை. அது நேர்மையின்மை. களம் திருத்தப்படும். ஒன்பதாம் விதி.”

மொக்கைச்சாமிக்கு இவற்றுள் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை அவர் நம்பவில்லை.

“அது கிடக்கட்டும்” என்று செயலாளர் கனிவுடன் முன்னால் சாய்ந்தார். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த அடிவாரத்தில் எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள்?”

“எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல இருந்துய்யா.”

“அருமை. பிள்ளைகள்?”

“ஒரு மக. திருப்பூருல கட்டிக் குடுத்துருக்கு. இப்ப நானும் எம் பொஞ்சாதியும்தான்.”

“எழுது ஜெஸ்லின். வாரிசு ஊரில் இல்லை.”

தம் குறை எழுதப்படுகிறது என்று எண்ணி மொக்கைச்சாமி மகிழ்ந்தார். ஜெஸ்லினின் பேனா பாதியில் நின்றது. செயலாளர் அவளைப் பார்த்தார். பேனா மீண்டும் நகர்ந்தது.

அவர் படியிறங்குகையில் அவள் பின்னாலேயே வந்து, அடுத்த கூட்டத்தின் துண்டறிக்கையை அவர் கையில் திணித்தாள்.

“ஐயா, சனிக்கிழமை உம் மட்டும் கொட்டாதீக.”

“ஏன் தாயி?”

“முன்பக்கத்த மட்டும் படிச்சா எப்பிடிங்கய்யா? பின்பக்கத்தப் படிங்க. ஏழாவது.” மேலே நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவள் குரலை உயர்த்தி, “பஸ் ஸ்டாண்டு எடதுபக்கம்ங்கய்யா!” என்று சொல்லிவிட்டு மேலேறினாள்.

அறிக்கையின் முன்பக்கத்தில் இவ்வாறு இருந்தது: “நிறைவுச் சொற்பொழிவு. அடிவார உழவர்: வாழ்வும் மறைவும். சிறப்பு விருந்தினர்: திரு. மொக்கைச்சாமி.”

பேருந்தில் அதனைப் படித்த மொக்கைச்சாமிக்கு முதலில் தம் பெயரை அச்சில் கண்ட மகிழ்ச்சியே தோன்றியது. கோம்பை வருவதற்குள் அது இல்லாமற்போயிற்று.

ராக்கம்மாள் பக்கத்து வீட்டு நாகஜோதியைக் கூப்பிட்டுப் பின்பக்கத்தை இருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அறிக்கையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“போக வேண்டாம்த்தா” என்றார் மொக்கைச்சாமி.

“போகலைன்னா அவன் பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருவான். போவோம். போயி கதைய நிறுத்துவோம். கொட்ட ஆளில்லாட்டி கதை எங்கிட்டு நகரும்?”

சனிக்கிழமைக்குள் அவள் வீடு வீடாகச் சென்றாள். எவரும் உம் கொட்டலாகாது. பழக்க மிகுதியால் தானாக வந்துவிடுமோ என்று அஞ்சியவர்களுக்கு ஒரு வழியும் கூறினாள். “வாய் நெறைய வெத்தலைய அதக்கிக்கங்க. மூக்கு வழியா வருதுன்னா மூக்கப் பிடிச்சுக்கங்க.”

மூன்றாம் சனிக்கிழமை ஊரே வாய் புடைக்க வந்தமர்ந்தது. அன்றைய தீக்குப் பந்தலின் காய்ந்த கொடிகளே விறகாயின. உள்ளூர் விறகே பயன்படுத்தப்பட வேண்டும் என்பது மூன்றாம் விதி. அன்று ஊரில் காய்ந்து கிடந்தது அதுவே. கொடிகள் வெடித்து எரிந்தன. சுருங்கிய காய்களிலிருந்து சற்று நேரம் இனிய மணமும் எழுந்தது.

ஜெஸ்லின் தலைகளை எண்ணினாள். அன்று மிகக் கவனமாக எண்ணினாள். நாற்பத்திரண்டு. எண்ணிய பிறகு சுண்டல் அண்டா வந்த அறிகுறி இல்லை. வண்டியில் தார்ப்பாய் மூடிய ஏதோ ஒன்று மட்டும் இருந்தது. வெற்றிலை வாயோடு எவராலும் அதைப் பற்றிக் கேட்க இயலவில்லை.

“அன்பார்ந்தோரே! இவ்வடிவாரத்தில் முற்காலத்தில் ஓர் உழவர் வாழ்ந்தார்” என்றார் செயலாளர்.

அமைதி.

“அவர் பெயர் மொக்கைச்சாமி.”

ஒருவரும் அசையவில்லை. மொக்கைச்சாமியின் கழுத்து நரம்புகள் புடைத்தன. அவர் மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டார். செயலாளர் காத்திருந்தார். ஒரு நிமிடம் கழிந்தது. இரண்டு நிமிடங்கள் கழிந்தன. கதை நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ தொடையைத் தட்டும் ஓசை கேட்டது. ராக்கம்மாளின் முகத்தில், செவலை போன பிறகு முதன்முறையாக, ஒரு சிரிப்பு தலைகாட்டியது.

செயலாளர் ஜெஸ்லினைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் அசையாதிருந்தாள். அவர் தாமே சென்று கருவியின் பொத்தானை அழுத்தினார்.

“உம்” என்றது ஒலிபெருக்கி.

அது மொக்கைச்சாமியின் குரல். முதல் வாரத்து உம். அதன் பின்னால் நாய் ஒன்று காதைச் சொறியும் ஓசையும் கேட்டது. மொக்கைச்சாமி தம்மை மறந்து காலடியைக் குனிந்து பார்த்தார்.

“அவர் எளியவர். திராட்சை பயிரிட்டார்.”

“உம்.” இம்முறை இரண்டாம் வாரத்து உம். அதன் பின்னால் ஓடை ஓடியது. காய்ந்த கற்களுக்கு நடுவே, ஒலிபெருக்கியிலிருந்து ஓடை சலசலத்தது. கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தனர்.

“அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன.”

“உம்.”

மொக்கைச்சாமி எழுந்தார். கதையின் நடுவே அவர் எழுந்தது அதுவே முதன்முறை.

“ஐயா, நான் இங்கனதானய்யா இருக்கேன். பாருங்கய்யா. இருக்கேன்!”

“முரண் மூன்று” என்றார் செயலாளர் ஜெஸ்லினிடம், சற்றும் குரல் உயராமல். “அவரே ஒப்புக்கொள்கிறார். குறித்துக்கொள்.”

வண்டியிலிருந்து ஒருவர் மஞ்சள் முளை ஒன்றைக் கொண்டுவந்து, “கொஞ்சம் பிடிங்கய்யா” என்று மொக்கைச்சாமியிடம் நீட்டினார். ஒருவர் நீட்டிய பொருளை வாங்காமல் விடுவது அவருக்குப் பழக்கமில்லை. இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

ராக்கம்மாள் நான்கு எட்டில் வந்து அதைப் பிடுங்கித் தீயில் எறிந்தாள். உலர்ந்த மரம், வண்ணம் கொப்பளித்து நன்றாகவே எரிந்தது.

செயலாளர் வண்டிப் பக்கம் திரும்பினார். “ஜெஸ்லின், வண்டியில் இன்னும் எத்தனை இருக்கின்றன?”

அவள் பதிவேட்டை மூடினாள். “நாற்பத்தொன்று சார்.”

தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது யாதென ஊருக்கு அப்போது விளங்கிற்று. எண்ணிய எண்ணிக்கை சுண்டலுக்கு அன்று என்பதும் விளங்கிற்று. விஜய்பாண்டி வெற்றிலையை விழுங்கிவிட்டான்.

“எனக்கும் ஒண்ணு எதுக்குங்கய்யா?” என்று அவன் திணறினான். “நான் ஒங்க வேலையத்தானய்யா பாத்தேன்!”

“உங்கள் பணியைப் பற்றி ஆனி மாதம் தனியாக ஓர் உரை இருக்கிறது” என்றார் செயலாளர். “நல்லது, அன்பார்ந்தோரே. தீயை அணைத்துக் கூட்டத்தை நிறைவு செய்வோம். குடம்.”

குடம் கொண்டுவரப்பட்டது. அது வெறுங்குடம். வண்டியோட்டி ஒரு தண்ணீர் கேனைத் தூக்கி வந்தார்.

“அது எந்தூருத் தண்ணி?” என்று கேட்டாள் ராக்கம்மாள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அறிக்கையை நாகஜோதியிடம் கொடுத்தாள். நாகஜோதி தீயின் வெளிச்சத்தில் ஏழாம் விதியைப் படித்தாள். “கூட்டம் நடைபெறும் இடத்து நீரால் தீ அணைக்கப்பட்ட பின்னரே கூட்டம் முடிவுற்றதாகவும், அன்றைய பதிவு செல்லுபடியாவதாகவும் கருதப்படும். அதுவரை செயலாளர் கூட்டத்தை விட்டு நீங்கலாகாது.”

“ஈச்ச ஓடைத் தண்ணி கொண்டாங்க, அணைப்போம்” என்றாள் ராக்கம்மாள். “அதுதான் வத்தி நூறு வருசமாச்சே. ஒங்க கேன் தண்ணிய ஊத்துனா ஒங்க விதி செத்துப்போயிரும். விதி செத்துப்போனா நாங்க இருக்கோம். எப்பிடி?”

செயலாளர் விதியைத் தாமே வாங்கிப் படித்தார். அதனை எழுதியவர் அவரே. விதியை மீறுவது அவருடைய இயல்புக்கு மாறானது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“கூட்டம் தொடர்கிறது” என்றார். “தீ தானாக அவிந்தாலும் அணைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். எட்டாம் விதி.”

ஊர் வெற்றிலையைத் துப்பிவிட்டு விறகு தேடப் புறப்பட்டது.

இன்று பதினோராம் நாள். தீ எரிந்துகொண்டிருக்கிறது. நாற்பத்திரண்டு பேரும் முறைவைத்துக் காக்கின்றனர். பந்தலின் கொடிகள் முடிந்தன, பந்தற்கால்கள் முடிந்தன, இப்போது வீட்டுக் கதவுகள் எரிகின்றன. விஜய்பாண்டி தன் கட்டிலைக் கொண்டுவந்து போட்டான். ஜெஸ்லின் பதிவேட்டில் நாள்தோறும் ‘கூட்டம் முடிவுறவில்லை’ என்று எழுதுகிறாள். ஒலிபெருக்கி அவ்வப்போது உம் என்கிறது. அப்போது ஓடையின் ஓசையைக் கேட்பதற்காக மொக்கைச்சாமி தம் நாற்காலியை அதனருகே நகர்த்திக்கொள்கிறார்.

நேற்று மாலை மேற்கு மலையின் மேல் மேகம் கூடியது. ஆண்டுதோறும் இக்காலத்தில் கேரளப் பக்கமிருந்து சாரல் வருவது வழக்கம். ஆண்டுதோறும் இவ்வூர் அதற்காகப் பொங்கல் வைத்து வேண்டிக்கொள்வதும் வழக்கம்.

நாகஜோதி செயலாளரிடம் சென்று, மழைத் தண்ணீர் கணக்கில் சேருமா என்று கேட்டாள்.

அவர் மேகத்தை அண்ணாந்து பார்த்தார். “ஓடைக்கு நீர் எங்கிருந்து வந்தது? மழையிலிருந்து. ஆகவே மழைநீர் என்பது இன்னும் தரைக்கு வந்துசேராத ஓடைநீரே ஆகும். சேரும்.”

ஊரார் இப்போது இரண்டு தார்ப்பாய்களையும் நான்கு சேலைகளையும் சேர்த்துத் தைத்துத் தீக்கு மேலே கூரை கட்டிக்கொண்டிருக்கின்றனர். மொக்கைச்சாமி ஒரு மூலையின் கயிற்றைப் பிடித்தபடி மலையையே பார்த்து நிற்கிறார். மழை வரக்கூடாது என்று ஓர் உழவர் வேண்டிக்கொள்வது எந்தத் தெய்வத்திடம் என்பது அவருக்குத் தெரியவில்லை. காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது. சேலைகளில் ஒன்று அவிழ்ந்து படபடக்கிறது.

செயலாளர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் குடை இருக்கிறது.